சாப்பாட்டுக் கொட்டகையில் ஒற்றைப்படையும் இரட்டைப்படையும்: கோலாலம்பூர் அரிசிச் சோதனை குறித்த நிகழ்வு ஆய்வு

1905ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் இருந்த நோயாளிகள் அனைவரும் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தப்பட்டு, இடப்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணப்பட்டார்கள். ஒற்றைப்படை எண் விழுந்தவர்கள் முற்றத்தின் கிழக்கு வார்டுக்கும், இரட்டைப்படை எண் விழுந்தவர்கள் மேற்கு வார்டுக்கும் அனுப்பப்பட்டார்கள். கிழக்கு வார்டுக்காரர்களுக்கு அதுவரை போட்டுவந்த சயாம் பச்சரிசிச் சோறே தொடர்ந்தது. மேற்கு வார்டுக்காரர்களுக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசிச் சோறு. அரிசியைத் தவிர மற்ற உணவில் இரு வார்டுகளுக்கும் வேறுபாடு இல்லை. பெரிபெரி என்ற நோய்க்கும் அரிசிக்கும் தொடர்பு உண்டா என்று அறிய இந்த ஏற்பாட்டைச் செய்த மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர், ஓராண்டுக்கு மேல் நீடித்த இச்சோதனையின் முடிவை 1907இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு முதற்கட்ட அறிக்கை என்று சொல்லியே வெளியிட்டார்.

முதுநிலை மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில், ஆய்வுகளின் நம்பகத்தன்மை பற்றிய வகுப்பை நான் இந்தக் கொட்டகையிலிருந்துதான் தொடங்குவது வழக்கம். 2015இல் நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே முன்பு சொன்ன முடிவு மறுபடியும் கிடைத்தது என்ற செய்தி எல்லா வகுப்புகளிலும் சொல்லப்படுகிறது. அது எங்கோ நடந்த சங்கதியாக மாணவர்களின் காதில் விழுந்துவிட்டுப் போகிறது. புழுங்கல் அரிசியும் பச்சரிசியும் அப்படியல்ல. இரண்டுமே அவர்கள் வீட்டு டப்பாவில் இருப்பவை.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். ஒருவர் திரட்டிய தரவையே எடுத்து, அவர் சொன்ன வழியிலேயே கணக்கிட்டால், அவர் அச்சிட்ட அதே எண் வருகிறதா என்று பார்ப்பதை இங்கே மறுகணக்கு என்கிறேன். புதிய ஆட்களை, புதிய இடத்தில் வைத்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்பதை மறுசோதனை என்கிறேன். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பல விவாதங்கள் முட்டுச்சந்தில் போய் நிற்கின்றன. மறுகணக்கில் தேறாத ஆய்வை மறுசோதனைக்கு எடுத்துச் செல்வது வீண் செலவு. மறுகணக்கில் தேறிவிட்ட காரணத்தால் மட்டும் ஓர் ஆய்வு உண்மையாகிவிடுவதும் இல்லை.

சோதனைக்கு முன்பிருந்த நிலையைச் சொல்லவேண்டும். ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் விடுதிகளிலும் பெரிபெரி நோய் ஆட்களை வாரிக்கொண்டிருந்த காலம் அது. கால்கள் மரத்து, உடல் வீங்கி, கடைசியில் இதயம் நின்றுவிடும். கோலாலம்பூரில் 1900இல் தோற்றுவிக்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தின் முதல் இயக்குநரான ஹாமில்டன் ரைட், இது ஒரு நுண்ணுயிரால் பரவும் தொற்று என்றும், கட்டடத்தில் தங்கிப்போகும் ஒன்று என்றும் கருதினார். அவர் பக்கமும் சான்று இல்லாமல் இல்லை. நோய் கண்ட சிறையிலிருந்து ஆட்களை வேறிடத்துக்கு மாற்றினால் சில வேளைகளில் நோய் தணிந்தது. கட்டடம் மாறும்போது பெரும்பாலும் சமையலறையும் அரிசி மூட்டையும் சேர்ந்தே மாறிவிடுகின்றன என்பதை எத்தனை பேர் கவனித்தார்கள் என்பதுதான் கேள்வி.

மலாயாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பணியாற்றிய மருத்துவர் லெனர்ட் பிராடன் வேறொன்றைக் கவனித்தார். ஒரே ஊரில், ஒரே வெயிலில், சயாம் பச்சரிசியை உண்ட சீனத் தொழிலாளர்கள் நோயில் விழுந்தார்கள். புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களும், வீட்டில் அவ்வப்போது குத்திய அரிசியை உண்ட மலாய்க்காரர்களும் பெரும்பாலும் தப்பினார்கள். தீட்டிப் பழசாகிப்போன பச்சரிசியில் ஏதோ ஒரு நஞ்சு சேர்கிறது என்பது பிராடன் கண்ட விளக்கம். விளக்கம் தவறு, ஆனால் கவனிப்பு சரியானது. ஜாவாவில் 1890களில் கோழிகளை வைத்து டச்சு மருத்துவர் எய்க்மான் செய்த ஆய்வும், அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட சிறைகளின் அரிசி வகையை ஒப்பிட்ட கணக்கெடுப்பும் முன்பே வந்திருந்தன. ஆயினும் சீனருக்கும் தமிழருக்கும் அரிசியில் மட்டுமா வேறுபாடு? வேலை, குடியிருப்பு, அபின் பழக்கம், உடன் சேர்த்துக்கொள்ளும் கறி, எல்லாமே வேறு. ஒரு சிறைக்கும் இன்னொரு சிறைக்கும் உள்ள வேறுபாடுகளுக்கும் கணக்கில்லை. கவனிப்பை எத்தனை ஆயிரம் பேர் மீது விரித்தாலும் இந்த ஐயம் தீராது.

ஃபிளெட்சர் செய்த வரிசை எண்ணிக்கையின் பொருள் இங்கேதான் இருக்கிறது. ஒரே விடுதி, ஒரே முற்றம், ஒரே கறி. யார் எந்தச் சோற்றை உண்பது என்பதை நோயாளியின் இனமோ வேலையோ மருத்துவரின் விருப்பமோ முடிவு செய்யவில்லை, கொட்டகையில் அவர் எங்கே நின்றார் என்பதே முடிவு செய்தது. அதன் பின் விடுதிக்கு வந்தவர்களும் ஒருவர் விட்டு ஒருவராக இரு வார்டுகளிலும் சேர்க்கப்பட்டார்கள். நோய் கட்டடத்தில்தான் இருக்கிறது என்பவர்களுக்கு விடை சொல்வதற்காக, சோதனையின் நடுவே இரு கூட்டத்தினரும் வார்டுகளை மாற்றிக்கொண்டார்கள். சோறு மட்டும் அவரவருடையதே.

முடிவு இது. புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் இருவருக்குப் பெரிபெரி இருந்தது. அவ்விருவருமே நோயோடு விடுதிக்கு வந்தவர்கள். எவரும் அந்நோயால் இறக்கவில்லை. பச்சரிசி உண்ட 120 பேரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நோய் கண்டார்கள்; 18 பேர் இறந்தார்கள்.

இந்த 18க்கும் சுழியத்துக்கும் உள்ள வேறுபாடு தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்கக் கணினி தேவையில்லை. இரு கூட்டங்களும் ஏறத்தாழச் சமமான அளவு. அரிசிக்கும் சாவுக்கும் தொடர்பே இல்லையென்றால், ஒவ்வொரு சாவும் எந்தப் பக்கம் விழும் என்பது நாணயத்தைச் சுண்டுவது போன்றதுதான். பதினெட்டு முறை சுண்டி, பதினெட்டு முறையும் முன்பே சொல்லிவைத்த பக்கமே விழுவதற்கான வாய்ப்பு 2,62,144இல் ஒன்று. மாணவர்கள் இதைக் கேட்டவுடன் நிமிர்ந்து உட்கார்வார்கள். நான் உடனே அடுத்த கேள்வியைப் போடுவேன்: நாணயம் சரியான நாணயம்தான் என்பதற்கு யார் உத்தரவாதம்?

ஏனென்றால், ஒருவர் விட்டு ஒருவர் என்ற முறையில் அடுத்து வரப்போகிறவர் எந்த வார்டுக்குப் போவார் என்பது வாசலில் நிற்கும் காவலாளிக்குக்கூடத் தெரியும். மெலிந்து வந்த ஒருவரை அரைமணி நேரம் காக்கவைத்து, பின்னால் வந்தவரை முன்னால் எழுதிவிட்டால் போதும். இரு கூட்டங்களும் சமம் என்ற அடிப்படையே ஆட்டம் கண்டுவிடும். அப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை, நடக்க முடியாது என்று அறிக்கையை வைத்துச் சொல்ல முடியாது என்கிறேன். மேலும், யார் எந்தச் சோறு உண்கிறார் என்பது மருத்துவருக்குத் தெரிந்தே இருந்தது. காலில் இலேசான மரத்துப்போதல் ஒரு வார்டில் பெரிபெரியாகவும் மறு வார்டில் களைப்பாகவும் எழுதப்படுவதற்கு இடம் உண்டு. சாவைப் பொறுத்தவரை அந்த இடமில்லை. இக்காரணத்தால்தான் நோய் கண்டவர் எண்ணிக்கையைவிட இறந்தவர் எண்ணிக்கையையே நான் நம்பிக்கையோடு எடுத்துக்கொள்கிறேன்.

நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து, அந்த விடுதியைக் கண்ணாலும் பாராத ஒருவன் இத்தனை குறைகளைச் சுட்ட முடிகிறதென்றால், அதற்கு ஃபிளெட்சரின் எழுத்தே காரணம். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினார், எந்த வார்டு எந்தத் திசையில் இருந்தது, எதை மாற்றினார், எதை மாற்றவில்லை என்பதை அவர் எழுதிவைத்தார். இன்று என் மேசைக்கு வரும் கட்டுரைகளில் பல, நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டனர் என்ற ஒற்றை வரியோடு நகர்ந்துவிடுகின்றன. சீட்டுக் குலுக்கினார்களா, கணினி எண்ணா, உறைக்குள் வைத்தார்களா, உறையை யார் பிரித்தார்கள் என்று ஒன்றும் தெரியாது. அவ்வகைக் கட்டுரையில் குறை கண்டுபிடிக்க முடிவதில்லை என்பதே அதன் பெரிய குறை. ஆய்வொன்றின் மீது நம்பிக்கை பிறப்பது, அதன் ஓட்டைகளைப் பிறர் காணும் வகையில் அது திறந்திருக்கும்போதுதான் என்பது என் துணிபு.

தம் முடிவை ஃபிளெட்சர் எவ்வளவு குறுக்கிச் சொன்னார் என்பதையும் பார்க்கவேண்டும். தீட்டிய பச்சரிசி நேரடியாகவோ மறைமுகமாகவோ பெரிபெரிக்குக் காரணம் என்ற அளவில் நிறுத்தினார். அரிசியில் நஞ்சு இருக்கலாம், புரதச் சத்துக் குறைவாக இருக்கலாம், அல்லது சத்துக் குறைவால் உடல் தளர்ந்து ஏதோ ஒரு கிருமிக்கு இடம் கொடுக்கலாம் என்று மூன்று வழிகளைத் திறந்து வைத்தார். இம்மூன்றுமே சரியான விடை அல்ல என்று பின்னால் தெரிந்தது. ஆயினும் அவருடைய சோதனை பொய்யாகவில்லை, ஏனெனில் சோதனை காட்டியதற்கு மேல் அவர் ஒன்றையும் அடித்துச் சொல்லவில்லை.

அடுத்த கட்டமே இந்த நிகழ்வின் உயிர்நாடி. மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஹென்றி ஃபிரேசரும் தாமஸ் ஸ்டாண்டனும் 1907இல் மறுசோதனையில் இறங்கினார்கள். விடுதியையே திரும்பத் தேர்ந்தெடுத்து அதே வேலையைச் செய்திருந்தால், அதே குறைகளும் கூடவே வந்திருக்கும். அவர்கள் நெகிரி செம்பிலான் காட்டுக்குள் சாலை போடச் சென்ற சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். முன்பு ஆள் குடியிருந்திராத காடு என்பதால், பழைய கட்டடத்தில் ஒட்டியிருக்கும் தொற்று என்ற வாதத்துக்கே இடமில்லை. ஒரு கூட்டத்துக்குத் தீட்டிய பச்சரிசி, மறு கூட்டத்துக்குப் புழுங்கல் அரிசி. ஏறத்தாழ மூன்று மாதங்களில் பச்சரிசிக் கூட்டத்தில் பெரிபெரி தலைகாட்டியது. உடனே அவர்களுக்குப் புழுங்கல் அரிசி கொடுக்கப்பட்டது; நோய் நின்றது. பிறகு மறு கூட்டத்துக்குப் பச்சரிசி கொடுக்கப்பட்டபோது, அதுவரை நலமாக இருந்த அவர்களிடமும் நோய் கண்டது. 1909இல் முழு அறிக்கை வெளிவந்தது. 1910இல் மணிலாவில் கூடிய கிழக்காசிய வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய வெள்ளை அரிசியை முதன்மை உணவாகத் தொடர்ந்து உண்பதே பெரிபெரிக்குக் காரணம் என்று தீர்மானம் போட்டது.

ஃபிளெட்சரிடம் இருந்த பலவீனத்தைக் குறிவைத்து அமைக்கப்பட்ட மறுசோதனை இது. கூட்டங்கள் இரண்டும் தொடக்கத்திலேயே சமமாக இல்லாமல் போயிருக்கலாம் என்ற ஐயத்துக்கு, சோற்றை மாற்றிப் போட்டதே விடை. நோய் ஆட்களைப் பின்தொடரவில்லை, அரிசியைப் பின்தொடர்ந்தது. மறுசோதனை என்றால் முன்னவர் செய்ததைப் பிரதியெடுப்பது என்று நினைப்பவர்கள் இதைச் சற்று நின்று பார்க்கலாம்.

அதன் பின் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் அரிசித் தவிட்டை நோக்கிப் போனார்கள். தீட்டும்போது கழியும் தவிட்டைச் சேர்த்தால் கோழிகளுக்கு நோய் வருவதில்லை என்று கண்டார்கள். நல்ல அரிசியையும் கெட்ட அரிசியையும் பிரித்தறிய, அதிலுள்ள பாஸ்பரஸ் அளவை ஓர் அடையாளமாகப் பயன்படுத்தினார்கள். பாஸ்பரஸ் நோயைத் தடுக்கிறது என்று சொல்லவில்லை. தவிடு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைக் காட்டும் அடையாளம் அது என்ற அளவிலேயே வைத்துக்கொண்டார்கள். உண்மையான பொருளான தயமின், அதாவது வைட்டமின் பி1, 1926இல்தான் ஜாவாவில் பிரித்தெடுக்கப்பட்டது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, தண்ணீரில் கரையக்கூடிய அந்தச் சத்து தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்கிவிடுகிறது.

நம் முன்னோர் இதையெல்லாம் அறிந்துதான் நெல்லை அவித்தார்கள் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வலம் வருகிறது. அவித்த நெல் குத்தும்போது நொய்யாகாது, பூச்சி அண்டாது என்பது எங்கள் பாட்டிக்குத் தெரியும்; தயமின் தெரியாது. தோட்டத்து லயங்களில் இருந்த தமிழர்களைப் பெரிபெரியிலிருந்து காத்தது பழக்கம். அப்பழக்கத்தின் பெருமையைக் கூட்டிச் சொல்லும்போது, மெய்ப்பிக்க உழைத்தவர்களின் கணக்கு மறைந்துவிடுகிறது.

இக்காலத்துக்கு வருவோம். 1907இல் இல்லாத ஒரு கருவி இன்று நம்மிடம் இருக்கிறது, அது முன்பதிவு. எதை அளக்கப்போகிறோம், எதை முதன்மை முடிவாகக் கொள்ளப்போகிறோம் என்பதைச் சோதனை தொடங்குமுன்பே பொதுப் பதிவேட்டில் எழுதிவைப்பது. 2021இல் மலேசியாவின் 20 அரசு மருத்துவமனைகளில் நடந்த, ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணிக் கொல்லி மருந்தின் சோதனை இதன் பயனை நன்றாகக் காட்டும். கோவிட் கண்ட 490 பேரில், மருந்து எடுத்த 241 பேரில் 52 பேருக்கும், எடுக்காத 249 பேரில் 43 பேருக்கும் நோய் கடுமையானது. மருந்தால் பயன் தெரியவில்லை. ஆனால் 28 நாள்களுக்குள் இறந்தவர்கள் முறையே 3 பேரும் 10 பேரும். இந்த 3க்கும் 10க்கும் பின்னால் ஓடியவர்கள் பலர். நோய் கடுமையாவதே முதன்மை முடிவு என்று முன்கூட்டியே அறிவித்திருந்ததாலும், சாவு எண்ணிக்கையின் வேறுபாடு தற்செயலின் எல்லைக்குள்ளேயே இருந்ததாலும், ஆய்வாளர்கள் அந்த எண்ணைத் தலைப்புக்கு ஏற்றாமல் அட்டவணையில் அதற்குரிய இடத்தில் வைத்தார்கள். முன்பதிவு இல்லாதிருந்தால் எந்த எண் தலைப்புக்கு ஏறியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. அதே ஆண்டு ஜூலையில், இதே மருந்தை வானளாவப் புகழ்ந்த எகிப்திய முன்வெளியீடு (பிற ஆய்வாளர்கள் சரிபார்க்குமுன்பே இணையத்தில் வெளியிடப்படும் கட்டுரை) ஒன்று மீட்டுக்கொள்ளப்பட்டது. லண்டன் மருத்துவ மாணவர் ஒருவர் அதன் தரவுக் கோப்பைத் திறந்து பார்த்ததில், ஒரே நோயாளியின் விவரம் பலமுறை ஒட்டப்பட்டிருந்தது தெரியவந்தது. கோப்பின் கடவுச்சொல் 1234.

சிரிப்பதற்கு முன் என் அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இந்நகரின் ஓர் உயர்கல்விக்கூடத்தில், நீரிழிவு நோயாளிகள் பற்றிய முதுநிலை ஆய்வேட்டின் அட்டவணை ஒன்றை மறுகணக்குப் போடும்படி என்னைக் கேட்டார்கள். அனுப்பப்பட்ட கோப்பின் பெயர் ‘ஃபைனல் பெத்துல் பெத்துல்’. உண்மையான இறுதி வடிவம் என்பதை மலாயில் இருமுறை அழுத்திச் சொல்லவேண்டிய அளவுக்கு அதற்கு முன் எத்தனை இறுதிகள் இருந்தனவோ! ஏட்டிலிருந்த சராசரி எனக்கு வரவில்லை. இரண்டு நாள் குடைந்த பிறகு காரணம் கிடைத்தது. இரத்தப் பரிசோதனை செய்யாதவர்களின் கட்டத்தை ஒரு கிளினிக் காலியாக விட்டிருந்தது. இன்னொரு கிளினிக் அதே கட்டத்தில் சுழியம் அடித்திருந்தது. எக்செல் காலிக் கட்டத்தை விட்டுவிட்டுச் சராசரி போடும். சுழியத்தையோ ஓர் அளவாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே, சுழியம் அடித்த கிளினிக்கின் நோயாளிகள் தாளில் நல்ல கட்டுப்பாட்டோடு இருப்பதாகத் தோன்றினார்கள். யாரும் ஏமாற்றவில்லை. எந்தக் கட்டத்தில் எதை எழுதவேண்டும் என்ற ஒரு பக்கக் குறிப்பு யாரிடமும் இல்லை, அவ்வளவுதான்.

ஆய்வேட்டை எழுதிய பெண், “சார், இதைச் சொன்னா என் டிகிரி போயிடுமா?” என்று கேட்டார். ஆய்வின் நம்பகத்தன்மை பற்றி எத்தனை வழிகாட்டி நூல்கள் வந்தாலும், திருத்தத்தைத் தண்டனையாகப் பார்க்கும் வழக்கம் இருக்கும்வரை இந்தக் கேள்வி நிற்காது. தேர்வுக்குழு திருத்தப் பக்கம் ஒன்றைச் சேர்க்கச் சொன்னது; முடிவுரையின் ஒரு பத்தி மாறியது; பட்டம் கிடைத்தது.

கோலாலம்பூர் நிகழ்வை முன்மாதிரியாகக் காட்டும்போது ஒன்றை மறைத்துவிட முடியாது. கொட்டகையில் எண்ணப்பட்டவர்கள் மனநோயாளிகள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கிழக்கு வார்டில் சாவு கூடிக்கொண்டே போனபோதும் சோதனை ஆண்டு முழுவதும் ஓடியது. காட்டில் நலமாக இருந்த தொழிலாளர்களுக்கு, நோய் வரும் என்ற எதிர்பார்ப்போடுதான் அரிசி மாற்றப்பட்டது. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்குச் சம்மதத்தை வலியுறுத்திய நியூரம்பெர்க் நெறிகள் 1947இலும் ஹெல்சிங்கி அறிக்கை 1964இலும் வந்தவை. அவற்றை வைத்து 1905ஐ அளப்பது முறையா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அந்தக் காலத்திலும், சம்மதம் கேட்கப்படாத இடங்களாகவே சிறையும் விடுதியும் கூலிக் கொட்டகையும் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பது என் மறுமொழி. இன்று இங்கே நோயாளிகளை வைத்து நடக்கும் சோதனைக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். சோதனை நடக்கும்போதே எண்களைப் பார்த்து, தேவையானால் நிறுத்தச் சொல்லும் தனிக் குழு இருக்கலாம். ஃபிளெட்சரின் சோதனைக்கு அப்படியொரு குழு இருந்திருந்தால், சாவு பதினெட்டை எட்டுமுன் அது நிறுத்தப்பட்டிருக்கும் என்பது என் கணிப்பு. நாணயத்தைப் பத்து முறை சுண்டி, பத்து முறையும் சொல்லிவைத்த பக்கமே விழுவதற்கான வாய்ப்பு 1,024இல் ஒன்று. மிச்ச எட்டுப் பேரின் பெயர்களும் விடுதியின் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும்.